தீர்ப்புக்கு முன் விசாரணை

ஒரு மனிதன் குற்றம் செய்தான் என்று சொல்லப்படும்போது, அவன் வாய்மொழியைக் கேளாமல் தண்டனை விதிப்பது நியாயமன்று என்பதை இன்று யாவரும் ஒப்புவர். மலேசியாவின் 1955 ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டத்தின் 14 ஆவது பிரிவும், தவறான நடத்தையைக் காரணங்காட்டி ஒரு தொழிலாளியை நீக்குமுன் முறையான விசாரணை நடத்தல் வேண்டும் என்றே விதிக்கின்றது. ஆனால், இயந்திரம் பழுதுபட்ட இடத்தில் இந்த நியாயம் நமக்கு நினைவுக்கு வருவதில்லை. "உள்ளே எல்லாம் தீய்ந்துவிட்டது; பிரித்துப் போடு" என்று ஒருவர் தீர்ப்புக் கூறுவார். "ஓட்டியவன்தான் கெடுத்தான்" என்று மற்றொருவர் தீர்ப்புக் கூறுவார். இவ்விரண்டும் ஒரே வேரிலிருந்து கிளைத்தவை. இயந்திரத்தை விசாரியாதவர் மனிதனையும் விசாரிப்பதில்லை. இவ்வுண்மையை நம் தோட்டத்து லோரி ஒன்றின் வரலாற்றைக் கொண்டு விளக்கப் புகுகின்றோம்.

நாம் பேராக் மாநிலத்தின் தென்பகுதியில் ஒரு செம்பனைத் தோட்டத்தில் கிராணி வேலை பார்ப்போர். வருகைப் பதிவும், சம்பளப் பட்டியலும், பண்டசாலைக் கணக்கும், லோரிகளின் ஓட்டக் கணக்கும் நம் மேசையில்தான் எழுதப்படுகின்றன. செம்பனைத் தோட்டத்தில் லோரி நின்றால் என்ன ஆகும் என்பதைத் தோட்டத்து அன்பர்களுக்கு நாம் சொல்ல வேண்டுவதில்லை. நகரத்து அன்பர்களுக்காக ஒரு வார்த்தை. வெட்டிய குலையை ஏறக்குறைய 24 மணி நேரத்திற்குள் ஆலைக்குச் சேர்த்து ஆவியில் வேகவைத்தல் வேண்டும். தாமதித்தால் பழத்திலேயே உள்ள ஒருவகை நொதி எண்ணெயைச் சிதைத்துப் புளிப்பேற்றிவிடும். அதன் தரமும் விலையும் குறையும். ஆகவே, லோரி ஒரு நாள் நின்றால் வெட்டுக்காரர் முதல் நிர்வாகி வரை அனைவருடைய முகமும் வாடும். முகம் வாடிய இடத்தில் யாரேனும் ஒருவர்மேல் பழி விழுவதும் வழக்கமே.

மேற்படி லோரி முன்பு ஒரு நகரத்தில் குப்பை அள்ளும் சேவையில் இருந்து, பின்னர் ஏலத்தில் விற்கப்பட்டு, குலை ஏற்றும் தொட்டி பொருத்தப்பட்டு நம் தோட்டத்திற்கு வந்தது. அதன் கியர் தானே மாறுவது. அதாவது ஆட்டோ கியர். ஓராண்டு ஓடியபின் அந்தக் கியர்ப்பெட்டி முற்றும் தேய்ந்துபோகவே, பழைய உதிரிபாகங்கள் விற்கும் கடையொன்றிலிருந்து அதே இனத்தைச் சேர்ந்த, ஏற்கெனவே உழைத்த பெட்டி ஒன்றை வாங்கி மாட்டினர். முதல் வாரம் குறையின்றி ஓடிற்று. இரண்டாவது வாரத்திலிருந்து நோய் தலைகாட்டிற்று.

நிற்க. நோயைக் கூறுமுன் உடலைப் பற்றிச் சிறிது கூறுவோம். கையால் கியர் மாற்றும் லோரியில் இஞ்சினுக்கும் கியர்ப்பெட்டிக்கும் இடையே ஒரு கிளச்சுத் தட்டு உண்டு; அதனை ஓட்டுநர் தம் காலால் பிரிக்கின்றார், சேர்க்கின்றார். ஆட்டோ கியரில் அந்த இடத்தில் டார்க் கன்வர்ட்டர் என்னும் எண்ணெய் நிறைந்த உருண்டை நிற்கின்றது. தேநீரைக் கரண்டியால் கலக்கும்போது அதில் மிதக்கும் தேயிலைத் துணுக்கும் கூடவே சுழல்வதைப் பார்த்திருப்பீர்கள். கரண்டி துணுக்கைத் தொடுவதில்லை. இடையிலுள்ள நீரே தள்ளுகின்றது. அவ்வாறே இஞ்சின் ஒரு விசிறியைச் சுழற்ற, அது எண்ணெயை வீச, அந்த எண்ணெய் எதிரிலுள்ள மற்றொரு விசிறியைத் தள்ளுகின்றது. இரண்டிற்கும் நடுவே நிற்கும் மூன்றாவது விசிறி, திரும்பிவரும் எண்ணெயை நல்ல திசையில் திருப்பிவிட்டுப் புறப்படும்போது இழுவையை மிகுதியாக்குகின்றது. இதனைக் கண்டறிந்தவர் ஹெர்மன் ஃபோட்டிங்கர் என்னும் ஜெர்மானியப் பொறியாளர். ஸ்டெட்டின் நகரத்துக் கப்பல் தொழிற்சாலையில் பணியாற்றிய அவர், கப்பலின் விசையைச் சுழலிக்குக் கொண்டுசெல்லும் பொருட்டு 1905 இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். தானே மாறும் கியர் பெருவாரியாகச் செய்யப்பட்டு மோட்டார் வண்டிக்கு வந்தது, 1940 ஆம் ஆண்டு மாதிரியான ஓல்ட்ஸ்மொபில் கார்களில்தான். அதன்பின்னரே லோரிகளுக்கும் பஸ்களுக்கும் பரவிற்று.

கன்வர்ட்டருக்குப் பின்னே பல்சக்கரங்கள் உள்ளன. நடுவில் ஒன்று, அதனைச் சுற்றிச் சில, யாவற்றையும் வளைத்து வெளியே ஒன்று என்று சூரியனைக் கோள்கள் சுற்றுவதுபோல் அவை அமைந்திருக்கும். எந்தச் சக்கரத்தைப் பிடித்து நிறுத்துகின்றோம், எதனைச் சுழலவிடுகின்றோம் என்பதைப் பொறுத்து வேகமும் திசையும் மாறும். பிடித்து நிறுத்தும் வேலையைச் செய்பவை, அடுக்கடுக்காக உள்ள கிளச்சுத் தட்டுகள். அத்தட்டுகளை நெருக்குவது யாது? எண்ணெயின் அழுத்தம். எந்த அடுக்கிற்கு எண்ணெய் போகவேண்டும் என்று தீர்மானிப்பது யாது? அதே எண்ணெயால் நகரும் சிறு வால்வுகள். புதிய லோரிகளில் இந்தத் தீர்மானத்தைக் கணினி செய்கின்றது. நம் லோரி பழைய வகை, யாவும் எண்ணெயாலேயே நடப்பது.

ஆக, இப்பெட்டியில் எண்ணெய் செய்யும் வேலை நான்கு. விசையைக் கடத்துகின்றது, தட்டுகளை நெருக்குகின்றது, தேய்மானத்தைத் தடுக்கின்றது, சூட்டைச் சுமந்து குளிர்விப்பானுக்குக் கொண்டுபோகின்றது. மற்ற இயந்திரங்களில் எண்ணெய் வேலைக்காரன் எனின், இதில் எண்ணெயே எஜமானன். எண்ணெயில் குறை நேர்ந்தால் அது தட்டுத் தேய்ந்ததுபோலவும், பம்பு கெட்டதுபோலவும், வால்வு சிக்கியதுபோலவும் பலப்பல வேடம் போட்டுக் காட்டும். இவ்வொன்றை நினைவில் வைத்துக்கொண்டு மேலே வாருங்கள்.

லோரியின் நோய் இதுவே. காலையில் நன்றாக ஓடும். இரண்டு நடை முடிந்து வெயில் ஏறியபின், பாரத்தோடு மேட்டில் ஏறும்போது இஞ்சின் இரையும், வண்டி நகராது. கியர் மாறத் தாமதிக்கும். எண்ணெய்ச் சூடு காட்டும் முள் சிவப்பை நோக்கி ஏறும். ஒரு மணி நேரம் நிழலில் நிறுத்தினால் மீண்டும் உயிர் வரும். பட்டறைத் தவுக்கே வந்து பார்த்தார். அரை நாழிகைகூடப் பார்க்கவில்லை. "தட்டெல்லாம் கருகிவிட்டது, முழுதும் பிரிக்கவேண்டும், 12,000 வெள்ளி ஆகும்" என்றார். பெட்டி விற்ற கடைக்காரரோ, "நாங்கள் கொடுத்தது நல்ல பெட்டி, உங்கள் டிரைவருக்கு ஆட்டோ ஓட்டத் தெரியவில்லை" என்று கூறிவிட்டார். மேட்டில் பிரேக்கை மிதியாமல் ஆக்சிலரேட்டரை மிதித்தே வண்டியைத் தாங்கி நிறுத்தினால் கன்வர்ட்டர் எண்ணெய் கொதித்துப் பெட்டி கெடும் என்பது உண்மைதான். ஆனால், நம் ஓட்டுநர் அவ்வாறு செய்தார் என்பதற்குச் சாட்சி யார்? ஒருவருமில்லை. ஆயினும் அந்த வாக்கு நிர்வாகத்தின் காதில் இனித்தது. செலவுக்கு ஒரு முகவரி கிடைத்துவிட்டதன்றோ!

அவ்வோட்டுநர் 22 ஆண்டுகள் அதே தோட்டத்தில் உழைத்தவர். ஓய்வுக்கு இன்னும் இரண்டாண்டுகளே இருந்தன. அவரை நிறுத்திவிட்டுக் குலை ஏற்றும் வேலையைக் குத்தகைக்கு விடலாம் என்று ஒரு பேச்சு. செலவில் ஒரு பகுதியை அவர் சம்பளத்தில் பிடித்துக்கொள்ளலாம் என்று மற்றொரு பேச்சு. முன்சொன்ன சட்டத்தின் 24 ஆவது பிரிவு, சட்டம் அனுமதித்த பிடித்தங்களன்றி வேறெதனையும் சம்பளத்தில் கைவைக்க இடங்கொடுப்பதில்லை என்பதை நாம் பணிவோடு எடுத்துரைத்தோம். அதன்பின் ஓர் அச்சடித்த தாள் நம் மேசைக்கு வந்தது. அதில் "பழுதின் காரணம்" என்று ஒரு கட்டம். அதற்கு நேரே "ஓட்டுநரின் கவனக்குறைவு" என்று நிரப்பி மாலைக்குள் அனுப்பவேண்டும் என்பது வாய்மொழிக் கட்டளை. கிராணியின் பேனா சிறியதுதான். ஆனால், ஒரு குடும்பத்தின் சோற்றுப் பானையைக் கவிழ்க்க அது போதும். நாம் அக்கட்டத்தில் "விசாரணையில் உள்ளது" என்று எழுதினோம். அனுமதி கிடைத்தது மூன்று நாட்களுக்கு மாத்திரமே.

நாம் இஞ்சினியர் அல்லோம். ஆயினும் கணிதமும் அறிவியலும் ஆங்கிலத்தில் கற்பிக்கப்பட்ட தலைமுறையைச் சேர்ந்தோர். லோரியோடு வந்த தடித்த கையேடு ஆங்கிலத்தில் இருந்தது. பட்டறையில் அது எண்ணெய்க் கறை படிந்து, திறவாமலே கிடந்தது. அதைப் படிக்கத் தெரிந்த நமக்கு லோரியைத் தெரியாது; லோரியைத் தெரிந்த ஓட்டுநருக்கு அதைப் படிக்கத் தெரியாது. ஆகவே இருவரும் சேர்ந்தமர்ந்தோம். நாம் ஒவ்வொரு பக்கமாகத் தமிழில் சொல்லி வந்தோம். அவர் ஒவ்வொன்றிற்கும் வண்டியின் நடத்தையைச் சாட்சியாகக் கூறி வந்தார்.

கையேட்டின் முதல் உபதேசம் இது: பிரிக்காதே, முதலில் கேள். எந்தக் கியரில் வழுக்குகின்றது? சூட்டிலா, குளிரிலா? பாரத்திலா, வெறுமையிலா? நம் பெட்டியில் முன்செல்லும் நான்கு வேகங்களிலும் ஒரு குறிப்பிட்ட அடுக்கு வேலை செய்யும். பின்செல்லும்போது அதற்கு வேலையில்லை. ஆகவே முன்னே வழுக்கிப் பின்னே நன்றாக இழுத்தால் அவ்வடுக்கைச் சந்தேகிக்கலாம். ஒரே ஒரு வேகத்தில் வழுக்கினால் அந்த வேகத்திற்குரிய அடுக்கைச் சந்தேகிக்கலாம். எல்லாவற்றிலும் ஒன்றுபோல் வழுக்கினால்? அப்போது தட்டுகளை விட்டுவிட்டு, அவை யாவற்றிற்கும் பொதுவான எண்ணெயையும் அழுத்தத்தையும் பார்க்கவேண்டும்.

இதைக் கேட்டதும் ஓட்டுநர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "தம்பி, காலையில் எல்லாக் கியரும் நன்றாக இழுக்கும். பத்து மணிக்குமேல் எல்லாமே வழுக்கும், ரிவர்ஸ் உட்பட. தட்டுத் தேய்ந்திருந்தால் காலையில் மட்டும் அது வளர்ந்துவிடுமா?" என்றார். இக்கேள்வி பட்டறையில் ஒருவர் வாயிலிருந்தும் வரவில்லை. கேட்கப்படாததால் அவரும் சொல்லவில்லை.

அடுத்து எண்ணெய். இப்பெட்டியின் எண்ணெயைக் குளிரில் பார்த்தது பார்த்ததாகாது; குளிர்ப் பார்வை வண்டியைக் கிளப்பலாமா என்பதற்கு மாத்திரமே. எண்ணெய் சூடாகும்போது விரியும். ஆகவே சமதரையில், கைப்பிரேக் இட்டு, நியூட்ரலில், இஞ்சின் ஓடிக்கொண்டிருக்க, எண்ணெய் 71 முதல் 93 பாகை செல்சியஸ் சூட்டில் இருக்கும்போது அளவுக்கோலைப் பார்க்கவேண்டும் என்கின்றது கையேடு. இஞ்சினை நிறுத்திப் பார்த்தால், மேலே சுற்றிக்கொண்டிருக்கும் எண்ணெய் கீழிறங்கிப் பொய்யளவு காட்டும். அவ்வாறே பார்த்தோம். கோலில் இருந்தது தெளிந்த எண்ணெயன்று. சோப்பு நுரைபோல் குமிழிகள். பெட்டியின் அடிப்பகுதி ஏறக்குறைய உலர்ந்திருந்தது, மேற்பகுதியோ நனைந்திருந்தது. மேலே இருக்கும் மூச்சுக் குழலின் வழியே எண்ணெய் வெளியேறியிருந்தது.

இங்கே நமது கணக்குப் புத்தகம் சாட்சி சொல்ல வந்தது. பண்டசாலைப் பதிவேட்டைப் புரட்டினோம். ஐந்து வாரங்களில் அந்த லோரிக்கு நான்கு தடவை, மொத்தம் 8 லிட்டர் கியர் எண்ணெய் கொடுக்கப்பட்டிருந்தது. மேலே நனைந்திருப்பதைக் கண்டவர்கள் எண்ணெய் ஒழுகிக் குறைகின்றது என்று கருதி ஊற்றியிருக்கின்றனர். கோலும் குறைவு என்றே காட்டியிருக்கின்றது. சரி, ஊற்றிய எண்ணெய் எங்கே போயிற்று? லோரி நிற்கும் கொட்டகையின் தரையில் இல்லை. குளிர்விப்பானில் ஓட்டை விழுந்திருந்தால் ரேடியேட்டர் நீரில் கலந்திருக்கும். திறந்து பார்த்தோம், நீர் தெளிவாக இருந்தது. மூச்சுக் குழல் வழியே காற்றில் போனது சிறிது. மற்றது? பெட்டிக்குள்ளேதான் இருக்கவேண்டும்!

குறைவு வழுக்கும் என்பதை யாவரும் அறிவர். மிகுதியும் வழுக்கும் என்பதைச் சிலரே அறிவர். எண்ணெய் மட்டம் அளவுக்குமேல் உயர்ந்தால், சுழலும் பல்சக்கரங்கள் அதில் மூழ்கி, மத்துத் தயிரைக் கடைவதுபோல் கடையும். கடைந்தால் நுரைக்கும். எண்ணெய் எளிதில் அமுங்காது. ஆதலால்தான் அது தட்டுகளை இறுக்க முடிகின்றது. நுரையிலுள்ள காற்றோ அமுங்கிப்போகும். அழுத்தம் தளர, தட்டுகள் வழுக்கும், வழுக்கினால் சூடு, சூட்டில் எண்ணெய் இன்னும் விரிந்து உயரும், உயர்ந்தால் இன்னும் நுரை. நுரை மூச்சுக் குழல் வழியே வழியும். வழிந்ததைக் கண்டவர் மேலும் ஊற்றுவார். நோயையே மருந்தென்று புகட்டுவது இதுதான். காலையில் நன்றாக ஓடுவதன் மருமமும் விளங்கிற்று. இரவெல்லாம் நின்ற எண்ணெயில் நுரை அடங்கியிருக்கும்.

மறுநாள் நிர்வாகியின் அனுமதியோடு, பட்டறையிலிருந்து வந்த ஓர் இளைஞர் எண்ணெயை வடித்தார். அளவுச் சாடியில் அளந்தோம். அடித்தொட்டியை வடித்தாலும் கன்வர்ட்டரிலும் குளிர்விப்பானிலும் எண்ணெய் தங்கிவிடும். ஆதலால் வடித்தபின் ஊற்றவேண்டிய அளவு என்று கையேடு தனியே ஓர் எண் தருகின்றது. வடிந்தது அதனினும் ஏறத்தாழ 6 லிட்டர் மிகுதி. தொட்டியைக் கழற்றி அடியில் தங்கியதைப் பார்த்தோம். சாம்பல்நிற மென்குழம்பு சிறிது. உழைத்த பெட்டியில் அது இருக்கும். பளபளக்கும் இரும்புச் சில்லுகள் இல்லை. தட்டுகளின் மேற்பூச்சு உரிந்து வந்த கருந்துணுக்குகளும் இல்லை. எண்ணெயில் தீய்ந்த வாடை இலேசாக இருந்தது, சூட்டால் வந்தது. உள்ளிருந்த வடிகட்டியையும், அதன் உறிஞ்சு குழாயிலுள்ள ரப்பர் வளையத்தையும் புதிதாக மாற்றினோம். அந்த வளையம் வெடித்திருந்தாலும் பம்பு எண்ணெயோடு காற்றை உறிஞ்சி இதே நோயை உண்டாக்கும். ஆகவே அதனை மறத்தலாகாது.

பின்னர், கையேடு சொன்ன அளவைச் சரியாக அளந்து ஊற்றி, இஞ்சினை ஓட்டிச் சூடேற்றிக் கோலைப் பார்த்தோம். கோல் "குறைவு" என்றது. இரண்டு விரற்கடை குறைவு! ஓட்டுநர் சிரித்தார். "பொய் சொன்னவன் இவன்தான் தம்பி" என்றார். பெட்டியை மாற்றிய அன்று, பழைய பெட்டியின் எண்ணெய்க் குழாயையும் கோலையுமே புதிதாக வந்ததில் மாட்டியிருந்தனர். குழாய் வேறு கோணத்தில் பொருந்தி, அதன் வாய் இரண்டு விரற்கடை உயர்ந்து நின்றது. கோலின் கைப்பிடி குழாயின் வாயில் தங்குவதால், அதன் நுனியும் அவ்வளவு உயர்ந்துவிட்டது. எண்ணெய் சரியாக இருந்தபோதும் கோல் குறைவென்றே காட்டிற்று. சரியான அளவு எண்ணெய் உள்ளேயிருக்க, அந்த மட்டத்தைக் கோலில் அரத்தால் புதிதாகக் கீறினோம். பழைய கீறலை அழித்தோம்.

இத்தோடு முடியவில்லை, ஒரு காரணம் கிடைத்த மகிழ்ச்சியில் விசாரணையை நிறுத்துவதும் பிழையே. வழுக்கல் நின்றது, ஆனால், கியர் ஏறுவது இன்னும் சிறிது தாமதித்தது. ஆக்சிலரேட்டரிலிருந்து பெட்டிக்கு ஒரு கம்பிவடம் செல்கின்றது. ஓட்டுநர் எவ்வளவு மிதித்திருக்கின்றார் என்று பெட்டிக்கு அறிவிக்கும் தூதன் அது. அது மிகவும் இறுக்கமாக இருந்தால், மெதுவாக மிதித்தாலும் முழுதும் மிதித்ததாகப் பெட்டி எண்ணிக் கியரைத் தாமதித்து ஏற்றும். நம் வடம் அவ்வாறே இறுகியிருந்தது, சரிசெய்யப்பட்டது. அதன்பின் அழுத்தமானியை மாட்டி எண்ணெய் அழுத்தத்தைப் பார்த்தார் இளைஞர். கையேட்டின் எல்லைக்குள் இருந்தது.

இறுதியில் ஒரு பரீட்சை. சக்கரங்களுக்கு முட்டுக் கொடுத்து, பிரேக்கை முழுதும் மிதித்து, முன்செல்லும் கியரில் வைத்து, ஆக்சிலரேட்டரை முழுதும் அழுத்தி, இஞ்சின் எத்தனை சுற்று ஏறுகின்றது என்று பார்ப்பது. குறித்த எண்ணுக்குமேல் மிகவும் ஏறினால் தட்டு வழுக்குகின்றது. மிகவும் குறைந்தால் இஞ்சின் பலவீனம், அல்லது கன்வர்ட்டரின் நடு விசிறி நிலைநிற்கவில்லை. 30 விநாடிக்கு மேல் செய்தால் எண்ணெய் கொதித்துவிடும். வண்டிக்கு முன்னும் பின்னும் ஒருவரும் நிற்கலாகாது. கையேடு அனுமதித்த வண்டிக்கே, பழகிய கையே செய்யவேண்டும். நம் லோரி இப்பரீட்சையில் தேறிற்று. பெட்டி பிரிக்கப்படவே இல்லை. எண்ணெய், வடிகட்டி, வளையம், கூலி ஆக மொத்தச் செலவு 1,000 வெள்ளியை எட்டவில்லை.

மூன்றாம் நாள் மாலை அந்த அச்சடித்த தாளை எடுத்தோம். "பழுதின் காரணம்" என்னும் கட்டத்தில், "பெட்டி மாற்றியபோது அளவுக்கோல் பொருந்தாமை, அதனால் எண்ணெய் மிகுதி" என்று எழுதி, வடித்த அளவையும் பண்டசாலைக் கணக்கையும் இணைத்து அனுப்பினோம். நிர்வாகி படித்துவிட்டு ஒன்றும் கூறாமல் கையொப்பமிட்டார். குத்தகைப் பேச்சு அதன்பின் எழவில்லை. ஓட்டுநர் மறுநாள் காலை வழக்கம்போல் குலை ஏற்றப் புறப்பட்டார்.

இதனால் எல்லாப் பெட்டியும் எண்ணெய் மாற்றத்தால் பிழைத்துவிடும் என்று நாம் கூறுவதாக எவரும் கருதலாகாது. எண்ணெய் பால் கலந்த தேநீர்போல் வெளுத்திருந்தால் அதில் ரேடியேட்டர் நீர் கலந்துவிட்டது. அந்த நீரிலுள்ள மருந்து தட்டுகளின் பூச்சை ஒட்டிய பசையைக் கரைத்துவிடும். அப்போது பிரித்துத் தட்டுகளை மாற்றியே தீரவேண்டும். தொட்டியில் உலோகச் சில்லுகள் கிடந்தாலும் அவ்வாறே. பிரிப்பது குற்றமன்று, காரணம் அறியாமல் பிரிப்பதே குற்றம். காரணம் அறியாமல் 12,000 வெள்ளி கொடுத்துப் புதுத் தட்டுகள் போட்டிருந்தால், அதே பொய்க்கோல் அவற்றையும் சில மாதங்களில் எரித்திருக்கும். அப்போது ஓட்டுநரின் குற்றம் "நிரூபிக்கப்பட்டதாகவே" ஆகியிருக்கும்!

உழைத்த பெட்டியை வாங்க எண்ணும் அன்பர்களுக்குச் சில குறிப்புகள். பெட்டியின் பக்கத்திலுள்ள தகட்டில் மாதிரி எண்ணும் தொடர் எண்ணும் உண்டு. பழையதன் எண்ணோடு ஒப்பிடுக. எண்ணெயின் நிறமும் வாடையும் பார்த்து, இயன்றால் அடித்தொட்டியைக் கழற்றிக் காட்டச் சொல்லுக. அதற்குரிய குழாயையும் கோலையும் சேர்த்தே கேளுங்கள். பழைய பெட்டி தேய்ந்து உதிர்த்த துகள் குளிர்விப்பானிலும் குழாய்களிலும் தங்கியிருக்கும். கழுவாமல் மாட்டினால் அத்துகளே வந்த பெட்டியையும் கொல்லும். மாட்டும்போது கன்வர்ட்டர் பம்போடு முழுதும் பொருந்திய பின்னரே போல்ட்டை முடுக்குக. பொருந்துமுன் முடுக்கினால் பம்பு உடையும். ஓட்டுநர்களுக்கும் ஒன்று: இப்பெட்டியின் பம்பை இஞ்சின்தான் சுழற்றுகின்றது. ஆகவே தள்ளிக் கிளப்ப முடியாது. கட்டி இழுக்கும்போது புரொப்பல்லர் தண்டைக் கழற்றாவிடில் எண்ணெயின்றிச் சுழன்று உள்ளே நாசமாகும்.

அன்பர்களே! நாம் சொல்லவந்தது லோரியைப் பற்றி மாத்திரமன்று. இவ்விசாரணையில் புதுமை ஒன்றுமில்லை. கையேடு பட்டறையில்தான் கிடந்தது. பதிவேடு பண்டசாலையில்தான் இருந்தது. "காலையில் ஓடும், பத்து மணிக்குமேல் ஓடாது" என்னும் உண்மை ஓட்டுநரின் நாவிலேதான் இருந்தது. மூன்றும் ஐந்து வாரங்கள் ஒரே தோட்டத்தில் இருந்தும் ஒன்றையொன்று சந்திக்கவில்லை. படித்தவர் உழைப்பவரைக் கேட்கவில்லை. உழைப்பவருக்குப் படித்ததைச் சொல்வாரில்லை. ஆங்கிலம் கற்றோர் நம்மிடையே இன்று பலர் உளர். கற்றதைக் கொண்டு சம்பளம் பெறுவதோடு நில்லாமல், தம் பக்கத்தில் உள்ள ஓட்டுநருக்கும், வெட்டுக்காரருக்கும், பட்டறை இளைஞருக்கும் அதனை நல்ல தமிழில் எடுத்துரைப்பாராயின், வீண் செலவும் குறையும், வீண் பழியும் குறையும்.

பழுதின் காரணத்தை எழுதும் கட்டம் ஒவ்வோர் அலுவலகத்திலும் உண்டு. அதனை நிரப்பும் பேனா யாருடைய கையில் இருக்கின்றதோ, அவர் நிரப்புமுன் ஒருமுறை கொட்டகைக்குச் சென்று கோலைத் தம் கையால் எடுத்துப் பார்ப்பாராக.